தம்பியின் பயாப்ஸி அறிக்கையில் வரும் பேனத் செல் எதைச் சொல்கிறது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் தம்பிக்கு இருபத்து மூன்று வயது. பல மாதங்களாக வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்து, கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்ததில், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். பயாப்ஸி அறிக்கையில், பெருங்குடலின் இடப்பக்கத்துத் துணுக்கைப் பற்றிய பகுதியில் ‘பேனத் செல் மெட்டாபிளாசியா’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் சொல்லைத் தேடிப் போனதில், அமெரிக்க நோயியல் மருத்துவர் ஒருவரின் ஆய்வு உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பேனத் செல்லின் குறைபாடு, ஒரு மரபணு, ஒரு வைரஸ் ஆகிய மூன்றையும் அவர் குரோன் நோயோடு சேர்த்துப் பேசுவதைப் படித்துவிட்டு, தம்பிக்கு நோய் வைரஸால் வந்ததா, மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா, உங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அறிக்கையில் இருக்கும் பேனத் செல்லும் அந்த ஆய்வு பேசும் பேனத் செல்லும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா? இல்லை என்பதே என் பதில். ஏன் இல்லை என்பதை விளக்கச் சற்று நேரமாகும்.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் நோயியல் மருத்துவர். பேத்தாலஜிஸ்ட் என்றால்தான் பலருக்கும் புரிகிறது. குடல், கல்லீரல் பயாப்ஸிகளைப் படித்து அறிக்கை எழுதுவதே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் அன்றாட வேலை. சுண்டெலி வளர்த்து நோயெதிர்ப்பு ஆராய்ச்சி செய்தவன் அல்லன். அப்படிச் செய்தவர்களின் கட்டுரைகளை வாசித்து, என் மேசையில் இருக்கும் ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன். உங்கள் தம்பியின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுவதைப் பொதுவான விளக்கமாகத்தான் கொள்ள வேண்டும். அவருடைய சிகிச்சையைப் பொறுத்தவரை அவரைப் பார்க்கும் குடல் மருத்துவரின் சொல்லே முடிவானது.

பேனத் செல் என்பது சிறுகுடலுக்கு உரிய செல். சிறுகுடலின் உட்புறத்தில் குடலுறிஞ்சிகள் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த விரல்களுக்கு இடையே கீழ்நோக்கி இறங்கும் சிறு குழிகள் உண்டு. அவற்றைக் கிரிப்ட் என்கிறோம். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில பேனத் செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வழக்கமான ஹெமடாக்ஸிலின், ஈயோசின் சாயத்தில் அவற்றின் மேற்பாதி முழுவதும் உரித்த மாதுளை முத்துகளைக் குவித்ததுபோல் சிவந்த மணிகளாகத் தெரியும் என்பதால், படிப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மாணவர்கள் அவற்றை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஜெர்மானிய உடற்கூறியலாளர் குஸ்தாவ் ஷ்வால்பே 1872இல் இவற்றைக் குறிப்பிட்டார். வியன்னாவைச் சேர்ந்த யோசப் பேனத் 1888இல் விரிவாக விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், முப்பத்து மூன்று வயதுகூட நிறையாத நிலையில், அவர் காசநோயால் இறந்தார். காசநோய் இந்தப் பதிலில் இன்னொரு முறையும் வரும்.

அந்த மணிகளுக்குள் இருப்பவை நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள்கள்: லைசோசைம் என்னும் நொதி, டிஃபென்சின் எனப்படும் சிறு புரதங்கள், இன்னும் சில. பாக்டீரியா நெருங்கும்போது செல் இவற்றைக் குழிக்குள் உமிழ்கிறது. குழியின் அடியில் இந்தக் காவல் ஏன் தேவை என்றால், குடலின் உட்படலத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கும் மூல செல்கள் பேனத் செல்களுக்கு இடையிலேதான் செருகிக்கொண்டு வாழ்கின்றன. குடலின் உட்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய நூல்கள் எழுதும். 2014இல் திருத்தமாக அளந்தவர்கள் ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதுவே ஒரு வீட்டின் கூடத்தைவிடப் பெரிய பரப்பு. அவ்வளவு பரப்பிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கும் நம் இரத்தத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு செல் கனமுள்ள படலமும் அதன்மேல் படர்ந்த சளியும்தான். குடலின் நோயெதிர்ப்பு என்றால் வெள்ளையணுக்களை மட்டும் நினைக்கும் வழக்கம் மருத்துவர்களிடமே உண்டு; படலத்தின் செல்களே முதல் வரிசையில் நின்று காக்கின்றன என்பது மெல்ல மெல்ல உணரப்பட்ட உண்மை.

இப்போது உங்கள் அறிக்கையின் வரிக்கு வருகிறேன். பேனத் செல்கள் சிறுகுடல் முழுவதும் இருக்கும்; பெருங்குடல் தொடங்கும் பையான சீக்கத்திலும் வலப்பக்கப் பெருங்குடலிலும் ஓரளவு இருப்பது இயல்பே. இடப்பக்கத்தில், அதாவது மண்ணீரலின் அருகே குடல் வளைந்து கீழிறங்கும் இடத்துக்கு அப்பால், பெரியவர்களுக்குப் பொதுவாக அவை இருப்பதில்லை. அங்கே அவை தோன்றினால் மெட்டாபிளாசியா என்று எழுதுகிறோம். தனக்கு உரியதல்லாத செல்வகையை ஒரு திசு உண்டாக்கிக்கொண்டது என்று பொருள். படலம் பலமுறை புண்பட்டுப் பலமுறை ஆறிய இடங்களில் இது நேர்கிறது. ஆகவே அந்த வரி என்னைப் போன்றவருக்குச் சொல்வது ஒன்றுதான்: இந்த அழற்சி நேற்று வந்த வயிற்றுக் கடுப்பு அன்று, நாள்பட்டது. குரோன் நோயிலும் இதைக் காணலாம், அல்சரேடிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சியிலும் காணலாம். இது நோயின் காரணத்தையோ எந்த மரபணுவையோ காட்டுவதில்லை. நோய் நெடுநாள் நடந்துபோன தடத்தை மட்டும் காட்டுகிறது.

நீங்கள் படித்த ஆய்வு பேசுவது முற்றிலும் வேறு. அங்கே பேனத் செல் தனக்குரிய இடத்தில், கடைச் சிறுகுடலின் குழிகளில்தான் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளமைப்பு கெட்டிருக்கிறது. அந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் தாடியஸ் ஸ்டாப்பன்பெக். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து நோயியல், நோயெதிர்ப்பியல் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் கிளீவ்லாந்து கிளினிக்குக்குச் சென்றவர். அதே துறையில் வைரஸ்களை ஆராய்ந்த ஹெர்பர்ட் விர்ஜினும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் இளம் ஆய்வாளராக இருந்த கென் காட்வெலும் இதில் சரிபாதிப் பங்கு உடையவர்கள். ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது.

பின்னணி இதுதான். குரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவாக நாட்2 என்பது 2001இல் கண்டறியப்பட்டது. 2007இல் ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று ஏடிஜி16எல்1 என்னும் மரபணுவின் ஒரு மாற்று வடிவத்தைச் சேர்த்தது. அந்த மரபணு ஆக்கும் புரதத்தில் 300ஆம் இடத்தில் திரியோனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின் அமர்ந்திருப்பதால் அதை டி300ஏ என்கிறார்கள். இந்தப் புரதம் தன்னுண்ணல் என்னும் வேலைக்குத் தேவை. செல் தன் உள்ளே பழுதான பாகங்களையும் புகுந்த கிருமிகளையும் ஒரு பையில் கட்டிச் செரித்துவிடும் ஏற்பாடு அது. யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றது இது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான். தன்னுண்ணல் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் நடக்கிறது. எல்லா இடத்திலும் நடக்கும் வேலையில் ஒரு சிறு குறை இருந்தால், நோய் ஏன் குடலில் மட்டும் வர வேண்டும்? மரபணுப் பட்டியலால் விடை சொல்ல முடியாத கேள்வி இது. எங்கே பார்ப்பது என்று யாராவது முடிவு செய்ய வேண்டியிருந்தது, அங்கேதான் நோயியல் மருத்துவரின் கண் வேலை செய்தது.

ஸ்டாப்பன்பெக், விர்ஜின் குழுவினர் இந்த மரபணு குறைவாக வெளிப்படும் சுண்டெலிகளை உருவாக்கி, குடலை வெட்டிப் பார்த்தார்கள். அழற்சி இல்லை, புண் இல்லை. மேலோட்டமாகப் பார்க்கும் எவரும் ‘இயல்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்திருப்பார்கள். ஆனால் குழிகளின் அடியில் பேனத் செல்களின் மணிகள் எண்ணிக்கையில் குறைந்தும், ஒழுங்கு கலைந்தும் இருந்தன. லைசோசைமை ஒளிரச் செய்து பார்த்தபோது, மணிகளுக்குள் அடங்கி இருக்க வேண்டியது செல் முழுவதும் பரவிக் கிடந்தது. செல் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது, கட்டி அனுப்பும் வேலைதான் நடக்கவில்லை. பிறகு, அறுவை செய்து அகற்றப்பட்ட மனிதக் குடல்களை எடுத்து, டி300ஏ வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குரோன் நோயாளிகளின் கடைச் சிறுகுடலைப் பார்த்தபோது, நோய் தொடாத பகுதியிலும் அதே மாற்றங்கள் தெரிந்தன. இது 2008இல் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்டது வியப்பைவிட வெட்கம். அகற்றிய குடலின் விளிம்பில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். இல்லையென்றால் ‘விளிம்பில் நோய் இல்லை’ என்று ஒரு வரி. நூற்றுக்கணக்கான அத்தகைய விளிம்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் அடியில் இருந்த பேனத் செல்களை நான் ஒருமுறையும் எண்ணியதில்லை.

மணிகள் கட்டி அனுப்பப்படுவதில் தன்னுண்ணலுக்கு என்ன பங்கு என்பதற்கு ஒரு விளக்கம் 2017இல் கிடைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் லோரா ஹூப்பரின் குழு, பாக்டீரியா தாக்கும் நேரத்தில் செல்லின் வழக்கமான சுரப்புப் பாதை தடைபடுவதையும், அப்போது பேனத் செல் தன்னுண்ணல் இயந்திரத்தையே மாற்றுப் பாதையாகப் பயன்படுத்தி லைசோசைமை வெளியே அனுப்புவதையும் காட்டியது. டி300ஏ வடிவம் உள்ள சுண்டெலிகளில் அந்த மாற்றுப் பாதை சரியாக இயங்கவில்லை.

இனி வைரஸ். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒரு சோதனை தோற்றதிலிருந்து இது பிறந்தது. அதே சுண்டெலிகளைக் கிருமிக் கட்டுப்பாடு கூடுதலான வேறொரு கூடத்துக்கு மாற்றி இனம் பெருக்கியபோது, பேனத் செல்களின் குறைபாடு காணாமல் போயிற்று. மரபணு மாறவில்லை, ஆனால் செல் இயல்பாகிவிட்டது. பலர் இந்த இடத்தில் முதல் கண்டுபிடிப்பு தவறு என்று ஒதுங்கியிருப்பார்கள். இவர்களோ பழைய கூடத்தில் இருந்து புதிய கூடத்தில் இல்லாமல் போனது எது என்று கேட்டார்கள். விர்ஜினின் ஆய்வுக்கூடம்தான் 2003இல் சுண்டெலிகளின் குடலைத் தொற்றும் நோரோவைரஸைக் கண்டுபிடித்தது என்பதால், சந்தேகம் அதன்மேல் விழுந்ததில் அதிசயம் இல்லை. உடலில் நெடுநாள் தங்கும் ஒரு குறிப்பிட்ட வகை நோரோவைரஸைக் கொடுத்ததும் குறைபாடு திரும்பி வந்தது. விரைவில் உடலைவிட்டு நீங்கும் வகையைக் கொடுத்தபோது வரவில்லை. இயல்பான மரபணு உள்ள சுண்டெலிகளுக்கு அதே வைரஸ் எதுவும் செய்யவில்லை.

அதோடு நிற்கவில்லை. வைரஸ் பெற்ற சுண்டெலிகளின் குடிநீரில் குடல் படலத்தைப் புண்படுத்தும் டெக்ஸ்டிரான் சோடியம் சல்ஃபேட் என்னும் பொருளைக் கலந்து கொடுத்தபோது, கடைச் சிறுகுடலிலும் குரோன் நோயை நினைவூட்டும் சில மாற்றங்கள் தோன்றின. டிஎன்எஃப் என்னும் அழற்சிப் பொருளையோ இன்டர்ஃபெரான் காமாவையோ தடுத்தால் அவை குறைந்தன. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் குறைந்தன. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று பொருள். மரபணு, வைரஸ், படலத்தில் ஏற்பட்ட காயம், பாக்டீரியா ஆகிய நான்கும் கூடினால் நோய். ஒன்று விலகினாலும் நோய் இல்லை அல்லது மிகக் குறைவு. 2010இல் வெளிவந்த இந்த ஆய்வை நீங்கள் ‘குரோன் நோய்க்கு வைரஸ் காரணம்’ என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கட்டுரை சொன்னது அதற்கு நேர்மாறானது: எந்த ஒன்றும் தனியாகக் காரணம் ஆகாது.

இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. சுண்டெலியில் இந்தக் கூட்டு நடக்கிறது என்பது உறுதி. மனிதர்களில் டி300ஏ குரோன் நோய் வரும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுகிறது என்பதும், சில நோயாளிகளின் பேனத் செல்கள் உருக்குலைந்திருக்கின்றன என்பதும் உறுதி. மனிதருக்கு வரும் நோரோவைரஸ் குரோன் நோயை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. வாந்தி, பேதியாக வந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும் அந்தத் தொற்று உலகெங்கும் மிகப் பரவலானது. அதைப் பெற்றவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு அதன்பின் எதுவும் நேர்வதில்லை. இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே காட்வெல் தமது சொந்த ஆய்வுக்கூடத்தில், நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு நோரோவைரஸைக் கொடுத்தபோது, மெலிந்து கிடந்த அவற்றின் குடலமைப்பும் நோயெதிர்ப்புச் செல்களும் சீரடைந்ததை 2014இல் காட்டினார். ஒரே வைரஸ் ஓர் உடலில் கேடு, இன்னோர் உடலில் துணை. ஆகவே உங்கள் தம்பிக்கு நோய் வைரஸால் வந்ததா என்ற கேள்விக்கு, அப்படிச் சொல்ல இன்று ஆதாரம் இல்லை. அது உங்களுக்கோ பெற்றோருக்கோ ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

மரபணுப் பரிசோதனைக்கு வருவோம். வேண்டாம் என்பதே என் கருத்து, அதற்குக் காரணங்கள் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் டி300ஏ அவ்வளவு பரவலானது. நோயே இல்லாதவர்களிலும் இந்த மரபணுவின் பிரதிகளில் ஏறத்தாழ பாதி அந்த வடிவில்தான் இருக்கின்றன. தெருவில் போகும் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒரு பிரதியாவது இருப்பதை வைத்து யாருக்கு நோய் வரும் என்று எப்படிச் சொல்வது? குடல் அழற்சி நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் இன்று இருநூறுக்கும் மேல்; ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. மேலும், ஒரு மக்களில் கண்டது இன்னொரு மக்களுக்குப் பொருந்துவதில்லை. ஸ்டாப்பன்பெக்கின் குழுவினரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய நோயாளிகளிலும் பேனத் செல் குறைபாடு இருந்தது. ஆனால் அது ஏடிஜி16எல்1 மரபணுவோடு இணையவில்லை, எல்ஆர்ஆர்கே2 என்னும் வேறொரு மரபணுவோடு இணைந்தது. நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல், மேலை நாடுகளில் பெயர் பெற்ற நாட்2 மாற்றங்கள் இந்தியக் குரோன் நோயாளிகளிடம் காணப்படவில்லை என்று எழுதினார்கள். ஐரோப்பியருக்காக அமைந்த ஒரு பட்டியலை வைத்து நம்மூர் இளைஞரின் இரத்தத்தைச் சோதித்து வரும் முடிவால், அவருடைய மருந்தில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை. மிகச் சிறு குழந்தைகளுக்கு வரும் கடுமையான குடல் அழற்சியில் ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கக்கூடும் என்பதால் அங்கே பரிசோதனைக்கு இடம் உண்டு. இருபத்து மூன்று வயதில் அதே நியாயம் பொதுவாக இல்லை.

அப்படியானால் பேனத் செல்லின் உருவத்தையே பரிசோதனையாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். அந்தக் குழுவும் அதைத்தான் முயன்றது. 2014இல், டிஃபென்சினை ஒளிரச் செய்து, பேனத் செல்களை இயல்பானவை, ஒழுங்கு கலைந்தவை, மணி குறைந்தவை, சரக்கு பரவிக் கிடப்பவை என்று வகை பிரித்து எண்ணினார்கள். ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு மேல் கெட்டிருந்த நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் நோய் விரைவாகத் திரும்பியது. புகைபிடிப்பதும் டி300ஏ வடிவமும் சேர்ந்தால் குறைபாடு கூடுகிறது என்று 2018இல் காட்டினார்கள். இவை எனக்கு நம்பிக்கை தரும் முடிவுகள். ஆனால் இது இன்னும் ஆய்வுக்கூடத்து முறைதான். சிறப்புச் சாயம் வேண்டும், நன்றாக நிமிர்ந்து வெட்டப்பட்ட பல குழிகள் வேண்டும், எண்ணுபவருக்குப் பயிற்சி வேண்டும். கொலோனோஸ்கோபியில் எடுக்கும் துணுக்கு ஒரு கேழ்வரகு மணி அளவுதான். அது ஃபார்மலினில் சுருண்டு, மெழுகில் சாய்ந்து, குறுக்காக வெட்டுப்பட்டு வரும்போது ஐந்து முழுக் குழிகள் தெரிந்தாலே அன்று எனக்கு நல்ல நாள். உங்கள் தம்பியின் அறிக்கையில் இதைப் பற்றி எதுவும் எழுதப்படாதது யாருடைய கவனக்குறைவும் அன்று. வழக்கமான அறிக்கையில் இதற்கு இன்னும் இடம் இல்லை.

இன்னும் ஆழமான ஒரு ஐயமும் இருக்கிறது. பேனத் செல் கெட்டதால் நோய் வருகிறதா, நோய்க்கு முன்பே உடலில் ஓடும் ஏதோ ஒன்று பேனத் செல்லையும் கெடுக்கிறதா? நோய் தொடாத பகுதியிலும் குறைபாடு தெரிவது முதல் பக்கத்துக்குச் சாதகம். ஆனால் குரோன் நோயாளிகளில் கணிசமானோருக்கு நோய் பெருங்குடலில் மட்டுமே இருக்கிறது. பேனத் செல் இயல்பாக இல்லாத இடத்தில் வரும் நோயை அந்தச் செல்லைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அல்சரேடிவ் கொலைட்டிஸுக்கு இந்த விளக்கம் அறவே பொருந்தாது. குரோன் நோய் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் பல நோய்களின் தொகுப்பு, அவற்றில் ஒன்றுக்குப் பேனத் செல் வாசலாக இருக்கிறது என்பதே என் சொந்த ஊகம். அது ஊகம்தான் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டாப்பன்பெக் 2021இல் டெபாரியோமைசிஸ் ஹான்செனியை என்னும் ஒரு பூஞ்சையைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். பாலாடைக்கட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் காணப்படும் அது, குரோன் நோயாளிகளின் புண்களில் இருந்ததையும், சுண்டெலியின் குடற்காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தியதையும் காட்டினார். அதைப் படித்துவிட்டுப் பூஞ்சைக்கொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து தம்பியை அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் நாட்டில் கடைச் சிறுகுடலில் புண்ணும் கிரானுலோமாவும் (நோயெதிர்ப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) கண்டால், குரோன் நோய் என்று எழுதுவதற்கு முன் குடல் காசநோய் இல்லை என்று மனம் நிறைவடைய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கும், ஒரே மாதிரிப் புண் தரும், இரண்டிலும் இளைஞர் மெலிவார். இதைப் பிரித்தறிவதில் வேலூர் நோயியல் மருத்துவர் அன்னா புலிமூடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எங்களுக்குக் கைவிளக்கு. காசநோயின் கிரானுலோமாக்கள் பெரியவை, ஒன்றோடொன்று இணைபவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. புண்ணின் விளிம்பில் எபிதீலியாய்டு எனப்படும் நோயெதிர்ப்புச் செல்கள் வரிசை கட்டி நிற்கும். குரோன் நோயில் அவை சிறியவை, அரிதானவை, தனித்தனியாக நிற்பவை. அருகருகே உள்ள குழிகளில் ஒன்று அழற்சியுற்றும் ஒன்று நலமாகவும் இருக்கும். கேசியேஷன் எனப்படும் சிதைவோ காசநோய்க் கிருமியோ கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் பெரும்பாலும் படாது. அந்த நிலையில் இரண்டு மூன்று மாதம் காசநோய் மருந்து கொடுத்து மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து பார்ப்பதும் உண்டு. இது ஏன் முக்கியம் என்றால், 1998இல் குரோன் நோய்க்கு வந்த இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்று 2001இலேயே தெளிவாகிவிட்டது. தம்பிக்கு அத்தகைய மருந்தோ நீண்டகால ஸ்டீராய்டோ தொடங்கும் முன் காசநோய்க்கான சோதனைகள் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மரபணுவுக்குச் செலவிட நினைத்த பணத்தை இதற்குச் செலவிடுவது மேல்.

உங்களுக்கும் வருமா என்பதற்கு: உடன்பிறந்தவருக்கு வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல், ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்குக் குரோன் நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமல் போவது மிகச் சாதாரணம். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் அப்படி என்றால், மேலே சொன்ன கூட்டில் மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். தொந்தரவு எதுவும் இல்லாத நிலையில் நீங்கள் எந்தச் சோதனையும் செய்துகொள்ளத் தேவையில்லை. மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத எடைக் குறைவு, ஆசனவாய் அருகே ஆறாத புண் ஆகியவை இருந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நீங்களோ தம்பியோ புகைபிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதற்கு இந்த ஆய்வுகளைவிட வலுவான சான்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. குரோன் நோய் உள்ளவர் புகைத்தால் நோய் கடுமையாகிறது.

கடைசியாக, அறிக்கையை மீண்டும் கையில் எடுத்து ஒன்றைச் சரிபாருங்கள். கொலோனோஸ்கோபியில் எடுத்த துணுக்குகள் இடவாரியாகத் தனித்தனிப் புட்டிகளில், பெயர் ஒட்டி அனுப்பப்பட்டனவா, அல்லது எல்லாம் ஒரே புட்டியில் போடப்பட்டனவா என்பது அறிக்கையின் தொடக்கத்திலேயே இருக்கும். ஒரே புட்டி என்றால், பேனத் செல் தெரிந்த துணுக்கு இடப்பக்கத்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் அங்கே பேனத் செல் இருப்பது இயல்பு, உங்களை இவ்வளவு தூரம் தேட வைத்த அந்த வரிக்கே பொருள் இல்லாமல் போகும். தனித்தனிப் புட்டிகள் என்றால் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, குடல் பயாப்ஸிகளை அதிகம் பார்க்கும் இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். காசநோயா குரோன் நோயா என்ற ஐயம் சிறிதும் மிச்சம் இருந்தால் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.